ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்: வேலை எதுவரை வந்திருக்குன்னு யார் சொல்றது?

ஒரே முதலாளி கிடையாது, ஒரே ஆபீஸும் கிடையாது. அப்புறம் எப்படி ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் வேலை நடக்குது? சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன?

நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். திருச்சி என்.ஐ.டி. மாணவர் குழுவான டெல்டா ஃபோர்ஸ் உருவாக்கிய 'பிரக்யான் சி.எம்.எஸ்.' இதற்கு உள்ளூர் உதாரணம்.

சிக்கல் எங்கே?

பி.டெக். படிப்பு நாலே வருஷம். நிரல் எழுதிய சீனியர் வேலைக்குப் போய்விட்டால், எது முடிந்தது, எது பாக்கி என்று ஜூனியருக்குத் தெரிய வேண்டும். எழுதி வைக்காவிட்டால், ஏற்கெனவே சரிப்படாத வழியிலேயே திரும்பவும் நேரம் போகும்.

முன்னேற்றம் எப்படித் தெரியும்?

• இஷ்யூ: பிழையோ, புது வசதியோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். யார் கையில் இருக்கிறது என்பதும் அதிலேயே தெரியும்.
• கமிட்: என்ன மாத்தினோம், ஏன் மாத்தினோம் என்ற குறிப்பு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்' இதைப் பெயர், தேதியோடு சேமிக்கும்.
• ரிலீஸ்: லினக்ஸ் கெர்னலில் புது வசதிகளைச் சேர்க்க 2 வாரம். பிறகு வாராவாரம் சோதனைப் பதிப்பு. 9 அல்லது 10 வாரத்தில் புதிய பதிப்பு ரெடி.

ஸ்ரீரங்கத்துக்கு இது புதுசா?

இல்லை. கோயிலில் யார் என்ன திருப்பணி செய்தார் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்தது 'கோயிலொழுகு'. பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாக நின்ற ராஜகோபுரம், 13 நிலை, 236 அடி உயரத்துடன் 1987-ல் குடமுழுக்கு கண்டது. தொடங்கியவர் வேறு, முடித்தவர் வேறு.

'ஆள் இல்லை' என்று சொல்வதும் முக்கியமா?

ரொம்ப முக்கியம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள 'எக்ஸ்இசட் யூட்டில்ஸ்' மென்பொருளை நீண்டகாலம் ஒருவரே பராமரித்தார். வேலை மெதுவா நடக்குதுன்னு அவருக்கு நெருக்கடி வந்தது. உதவிக்கு வந்து நம்பிக்கை பெற்றவரின் பெயரிலேயே ரகசியப் பின்வாசல் நுழைந்திருந்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. பெரிய அளவில் பரவும் முன்பே பிடிபட்டதால் ஆபத்து தப்பியது.

புதிதாகச் சேர என்ன செய்யணும்?

• முதலில் 'ரீட்மீ' கோப்பைப் படியுங்கள்.
• சின்ன இஷ்யூ ஒன்றை எடுங்கள். எடுத்ததை அங்கேயே எழுதுங்கள்.
• முடியலையா? அதையும் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.