சுண்டெலியும் ஞாபகமும்

படித்த பாடம் மாணவனின் மூளையில் எவ்வாறு தங்குகின்றது? ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த எம்போன்றோர் பன்முறை எண்ணி வியந்த வினா இது. இதற்கு விடை தேடிய அறிஞர்கள் ஈற்றிற் சுண்டெலியை நாடிய வரலாற்றையே, நேயர்களே, இன்று கூற விழைகின்றேன்.

இரண்டு நரம்புக் கலங்கள் சேர்ந்து தொழிற்படுந்தோறும் அவற்றிடையேயுள்ள தொடர்பு வலுப்பெறும் எனக் கனடா நாட்டு உளவியலறிஞர் டொனல்ட் ஹெப் 1949ஆம் ஆண்டில் எழுதினார். அச்சேர்க்கையை உணரத்தக்க கருவியொன்று பின்னர் அறியப்பட்டது. அதுவே நரம்புக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள 'என்.எம்.டி.ஏ.' வாங்கி. வாங்கியைப் பூட்டெனக் கொண்டால், அயற்கலம் வெளிவிடும் குளூட்டமேற்று அதன் திறவுகோலாகும். ஆயினும் திறவுகோல் மட்டும் போதாது. பெறுங்கலமும் அவ்வேளை கிளர்ச்சியுற்றிருந்தாலே இப்பூட்டுத் திறக்கும்.

1986இல் றிச்சட் மொறிசும் அவர்தம் கூட்டாளிகளும் பெரிய எலிகளின் மூளையில் இவ்வாங்கியை மருந்தினால் அடைத்தனர். கலங்கிய நீரின் கீழே மறைந்திருந்த மேடையின் இடத்தைக் கற்க அவ்வெலிகள் இடர்ப்பட்டன. ஆனால் மருந்து பரவும் இயல்பினது. மூளையின் எப்பகுதி காரணமென்று அதனைக்கொண்டு துணிதல் அரிது.

இதனிடையே, குறித்ததொரு பரம்பரையலகை நீக்கிச் சுண்டெலிகளைப் பிறப்பிக்கும் முறையைக் கப்பெச்சி, எவன்ஸ், சிமிதீஸ் ஆகிய மூவரின் ஆய்வுகள் தோற்றுவித்தன. 2007ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இதற்காகவே அவர்களுக்குக் கிடைத்தது. அம்முறையால் 1994இல் இவ்வாங்கியின் இன்றியமையாத கூறு நீக்கப்பட்டது. அந்தோ, குட்டிகள் பிறந்து ஏறத்தாழ ஒரு நாளுள் மடிந்தன! இறந்த குட்டியிடம் ஞாபகத்தைச் சோதிப்பது எங்ஙனம்?

1996இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் சுசுமு தொனெகாவாவின் ஆய்வுகூடம் வழி கண்டது. பற்றீரியாவைத் தாக்கும் வைரசொன்றின் நொதியம் அங்கே கத்தரிக்கோலாகப் பயன்பட்டது. கடற்குதிரையின் பெயர் தாங்கிய 'ஹிப்போகம்பஸ்' என்னும் மூளைப் பகுதியின் ஒரு கூற்றில், பிறந்து சில வாரங்கள் கழிந்த பின்னரே, அது தொழிற்படுமாறு அமைத்தனர். சுண்டெலிகள் நன்கு வளர்ந்தன. கண்ணுக்குப் புலனான மேடையை நீந்தி அடைந்தன. மறைந்த மேடையை நாடுவதிலோ பின்தங்கின. ஞாபகத்தின் இருப்பிடம் அகப்பட்டதெனப் பலர் மகிழ்ந்தனர்.

ஆயினும் அச்சுண்டெலிகள் முதிருந்தோறும் வாங்கியின் இழப்பு மூளையின் புறணிக்கும் பரவியமை பின்னர் வெளிப்பட்டது. 2012இல் ஒக்ஸ்போட் அறிஞர் டேவிட் பனர்மனும் பிறரும் ஹிப்போகம்பசில் மட்டும் வாங்கியை இழந்த சுண்டெலிகளைச் சோதித்தனர். அவை மறைந்த மேடையின் இடத்தை ஏனையவற்றைப் போலவே கற்றன! ஒன்றையொன்று ஒத்த இரண்டு அடையாளங்களை நீரில் வைத்து, ஒன்றின் கீழ் மட்டும் மேடையை அமைத்தபோதே அவை தடுமாறிப் பொய்யடையாளத்தை நாடின.

எலி மனிதனன்று, அதன் மூளையிற் கண்டதை அப்படியே நம்மீது ஏற்றுதல் தகாது. எனினும், விடைத்தாளிற் பிழை காணும் ஆசிரியர் ஒருகணம் சிந்திக்கலாம்: மாணவன் பாடத்தை மறந்தானா, அன்றி ஒத்த இரு விடைகளுள் ஒன்றைத் தேர்தலில் மயங்கினானா?