பழுது பார்த்த ஊர்

கோயம்புத்தூர் எப்படி மோட்டாரும் பம்பும் செய்கிற ஊரானது என்று கேட்டால், முதலாளிகளின் பெயர்களே பதிலாக வரும். அவர்கள்மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பீளமேட்டுப் பவுண்டரி ஒன்றில் மரப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சுக்கான மாதிரி வடிவம், செய்தே ஓய்வு பெற்ற எனக்கு, அந்தக் கதை பழுதாகி வந்த சாமான்கள் கிடந்த மேசையில் தொடங்குகிறது.

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே நூற்பாலை தொடங்கினார். மெஷின்களெல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்தவை. பல் உடைந்த ஒரு சக்கரத்துக்கு மாற்று வேண்டுமென்றால் எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. மாடு கட்டிக் கவலை இறைத்தவர்கள் கிணற்றில் பம்பு வைத்தார்கள். அந்தப் பம்பும் பழுதானது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து குறைந்தபோது, உதிரிபாகத்தை உள்ளூரிலேயே வார்த்தாக வேண்டும் என்றானது.

தேய்ந்த பாகத்தைப் பார்த்து இன்னொன்று செய்வதைக் ‘காப்பி’ என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கோபம்தான் வரும். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் ஒன்று தேய்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவை அப்படியே எடுத்து வார்த்தால் உதவாது. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். பேட்டர்ன் அந்த அளவு பெரிதாக இருக்க வேண்டும். கடைசல் பிடிக்கிற இடத்தில் அதற்கென்று கனம் விட வேண்டும். மண்ணிலிருந்து உருவும்போது அச்சு உடையாமலிருக்கப் பக்கங்களைச் சற்றே சரிவாகச் சீவ வேண்டும். இதுவரை கணக்கு. தேய்வதற்கு முன் அந்த இறக்கை எந்த வளைவில் இருந்தது என்பதற்குக் கணக்கு கிடையாது. தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வேகம் எடுக்கிறது, இந்த ஓரம் மட்டும் ஏன் அரித்திருக்கிறது என்று புரிந்தால்தான் அது கைக்கு வரும். அது புரிந்துவிட்டால், விரிசல் விட்ட இடத்தில் பலத்துக்கு ஒரு ரிப் கூடுதலாக வைத்தால் என்ன என்று மனசு கேட்கும். அப்போது மேஸ்திரி என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

எங்கள் மேஸ்திரி “செஞ்சு பாரு” என்பார். கழிவுத் தேக்குத் துண்டு கொடுப்பார். ஷிப்ட் முடிந்தபின் லேத்தைத் தொட விடுவார். வார்ப்பிரும்பில் ஒரு பெரிய வசதி, பிசகினால் உடைத்து மறுபடி குப்போலா உலையில் போட்டு உருக்கிக்கொள்ளலாம். நஷ்டம் கொஞ்சம் கோக் கரியும் அரை நாள் கூலியும்தான். எங்கள் ஊர்க்காரர்களின் துணிச்சலைப் பலர் புகழ்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு இரும்பின் இந்தக் குணமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

மேலே இருந்தவர்களுக்கும் கையில் கிரீஸ் பட்டிருந்தது. ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ் விட்டுத் தொடங்கியவர். 1937-இல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டாரை இங்கேயே செய்தார்கள். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். தானே நட்டு முடுக்கிப் பழகிய முதலாளியிடம் தொழிலாளி தன் யோசனையைச் சொல்லலாம். நல்லதா, வெட்டியா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

விவசாயியும் பட்டறைக்குள் வந்து நிற்பார். “ஏனுங்க, ராத்திரிக் கரண்ட்டுல மோட்டார் முக்குதுங்க” என்பார். வோல்டேஜ் இறங்கினால் கரண்ட் ஏறி வைண்டிங் கருகிவிடும். கருகிய காயிலைப் பிரித்து, கம்பியின் கனத்தையும் சுற்றையும் மாற்றிச் சுற்றிப் பார்த்தவர்கள், இந்த ஊர் மின்சாரத்துக்குத் தாங்கும் மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொண்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் 1955-இல் சபாபதி என்பவர் வெட் கிரைண்டர் செய்தார். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கல்லைச் சுற்றவிட்டார்கள். ஊத்துக்குளிக் கல்லும் கோவை மோட்டாரும் சேர்ந்த அந்தச் சாமானுக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இட்லிக்கு மாவாட்டித் தோள் இற்றுப்போன பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை என் அம்மாவைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சபாபதியின் பெயராவது நின்றது. எங்கள் மேஸ்திரி யோசித்துச் சேர்த்த ரிப் நான் வேலையை விட்டு வரும்வரை அந்த மாடலில் வார்க்கப்பட்டது. அவர் பெயர் எங்கும் கிடையாது. டிராயிங் தாளின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று கட்டங்கள் இருக்கின்றன. யோசனை சொன்னவர் என்று இன்னொரு கட்டம் போட்டு, அதில் மோல்டரின் பெயரையும் வைண்டிங் செய்யும் பெண்ணின் பெயரையும் எழுத வேண்டும் என்று தொழிற்சாலை நடத்துகிற இளைஞர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.