கொழுந்தும் சுவையும்: கேமரன் மலைத் தேயிலை வரலாறு

அறுசுவைக்கும் தனித்தனிப் பெயரிட்டு வாழ்ந்த இனம் தமிழினம். சுவையை அறிய நாவு போதும். அச்சுவையை ஆக்கியோரை அறிய வரலாறு வேண்டும். பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலை இதற்குத் தக்க சான்றாகும்.

பிரிஞ்சாங் நகரைக் கடந்து கியா பார்மை அடைவோர் முதலில் காண்பவை காய்கறித் தோட்டங்களும் சந்தைக் கடைகளுமே. அதனருகே பிரிந்து செல்லும் குறுகிய மலைச்சாலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கு இட்டுச் செல்கிறது. இம்மலைப் பகுதியை 1885-ஆம் ஆண்டில் அளந்தறிய வந்தவர் வில்லியம் கேமரன். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் இங்குப் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். 1933-இல் ரஸ்ஸல் மறைந்தார்; அவ்வாண்டிலேயே பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது.

நிறுவியோர் பெயர்கள் ஏட்டில் உள்ளன. தமிழகத்திலிருந்து வந்து இச்சரிவுகளில் உழைத்தோரின் பெயர்களோ பெரும்பாலும் ஏறவில்லை. 1938-இல் உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு தடை செய்தது. எனினும் முன்னரே வந்து குடியமர்ந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தன.

தேநீரின் சுவை ஆலையில் பிறப்பதன்று. கொழுந்து கிள்ளும் கையிலேயே பிறக்கிறது. ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினால் சுவை சிறக்கும். முற்றிய இலை கலந்தால் தேநீர் வெளிறும். கூடையில் அழுத்தித் திணித்தாலோ கொழுந்து நசுங்கிச் சூடேறி, ஆலையை அடையுமுன்னரே சிவக்கத் தொடங்கும். பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் வாட்டி, உருட்டி, காற்றில் பரப்புவர். அப்பொழுது இலைச்சாறு உயிர்வளியோடு கலந்து செந்நிறமும் துவர்ப்பும் பெறுகிறது. இதனைப் புளிக்க வைத்தல் என்பது வழக்கு. உரிய பதத்தில் வெப்பக் காற்றால் உலர்த்தி அதனை நிறுத்துவர். சற்றே தவறினும் மணம் கெடும்.

இதன் பின்னரே சுவைஞர் வருகிறார். 1980-இல் வெளியான அனைத்துலகத் தரவிதிப்படி, 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை இட்டு, 6 நிமிடம் மூடி வைத்து வடிக்க வேண்டும். சுவைஞர் அதனைக் கரண்டியால் ஓசையுடன் உறிஞ்சி, நாவில் சுழற்றி, உமிழ்ந்துவிடுவார். நீரின் நிறம், துவர்ப்பு, வாயில் நிற்கும் திண்மை ஆகியவற்றை ஆராய்வார். ஊறிய இலையையும் முகர்ந்து பார்ப்பார்.

திராட்சை மதுவைச் சுவைப்போரும் திண்மையையும் துவர்ப்பையுமே ஆராய்வர். ஆயின் மதுவுக்குக் காலம் துணை. ஆஸ்திரேலியாவில் மேக்ஸ் சூபர்ட் 1951-இல் சோதனையாக ஆக்கிய 'கிரேஞ்ச்' எனும் சிவப்பு மது, தொடக்கத்தில் ஏற்கப்படவில்லை. 1957-இல் நிறுவனமே அதனை நிறுத்தப் பணித்தது. அவரோ மறைவாகத் தொடர்ந்தார். ஆண்டுகள் கழிந்தபின் பழைய புட்டிகளின் சுவை முதிர்ந்திருக்கக் கண்டு, 1960-இல் மீண்டும் இசைவளித்தனர். தேயிலையிலும் முதிர்ந்து சிறப்பது உண்டு. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் விரும்பிப் பருகிய லியூ பாவ் தேயிலை அத்தகையது. கேமரன் மலைக் கருந்தேயிலையோ நாட்பட நாட்பட மணம் இழக்கும். பறித்தவள் உழைப்பின் பயன் விரைந்து பருகப்பட்டு, விரைந்து மறக்கப்படுகிறது.

இன்று கத்தரியும் இயந்திரமும் கை விரல்களின் இடத்தைப் பெரிதும் பிடித்துவிட்டன. தமிழ்ப் பிள்ளைகள் பலர் கல்வி கற்று வேறு பணிகளுக்குச் சென்றனர், இது மகிழத்தக்கதே. அவர்தம் இடத்தில் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். ஆனால் இலையைத் தொட்ட மாத்திரத்தில் பதம் உணர்ந்த மூதாட்டியரின் அறிவு எந்த ஏட்டிலும் பதியாமல் அவர்களோடு மறைகிறது.

மதுவைப் புட்டியில் காக்கலாம். கையறிவைச் சொல்லிலேதான் காக்க இயலும். எஞ்சியுள்ள முதியோரை அணுகி, அவர்தம் சொற்களிலேயே அவ்வறிவை மாணவர் எழுதி வைப்பாராயின், அதுவே இம்மலைத் தேயிலையின் நிறைவான வரலாறாகும்.