சிலேற்றுக்கல்லும் இருப்புப்பாதையும்: வடமேல் வேல்ஸின் மரபுரிமை பற்றி ஒரு நோக்கு

புகையிரதப் பாதைகளின் வரலாறு பெரும்பாலும் எந்திரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பாதையைத் தோற்றுவித்த பொருளாதாரத் தேவையும், அதிற் சென்ற சரக்கைத் தம் உழைப்பால் உருவாக்கிய மக்களும் அவ்வரலாற்றிற் பின்தள்ளப்பட்டுவிடுகின்றனர். பிரித்தானியாவின் வடமேல் வேல்ஸிலுள்ள ஒடுங்கிய இருப்புப்பாதைகளை ஆராயுமிடத்து இக்குறைபாடு தெளிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கைத்தொழில் நகரங்கள் பெருகியபோது, அவற்றின் கூரைகளுக்குச் சிலேற்றுக்கல் பெருமளவில் வேண்டப்பட்டது. வேல்ஸ் மலைகளில் அகழப்பட்ட அக்கல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே பெஸ்டினியொக் பாதை 1836இல் திறக்கப்பட்டது. அதன் தண்டவாளங்களுக்கிடையேயுள்ள அகலம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றரே. கல்லேற்றிய வண்டிகள் சரிவிலே தாமாகக் கீழிறங்கின. வெற்று வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் சென்றன. 1863இல் நீராவி எந்திரம் வந்தது. 1870இல் ரொபேட் பெயர்லியின் இரட்டை எந்திரம் இங்கு பரிசோதிக்கப்பட்டபோது, ரஷ்யாவிலிருந்தும் ஒரு குழுவினர் வந்து பார்வையிட்டனர்.

ஆயின், பாதையின் மேல்முனையில் நிலவிய வாழ்க்கை வேறானது. கல்லகழ்வோர் வேல்ஸ் மொழி பேசும் உழைப்பாளர். இப்பிரதேசத்தின் பேரகழ்விடங்களுள் ஒன்றான பென்ரினின் வளர்ச்சிக்கு, யமேய்க்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பாற் பெற்ற செல்வம் முதலாயிற்று. அங்கே தொழிற்சங்க உரிமை குறித்து எழுந்த பிணக்கினால் 1900 நவம்பரில் ஏறத்தாழ 2,800 தொழிலாளர் வேலைத்தலத்தை விட்டு வெளியேறினர். மூன்றாண்டுப் போராட்டம் 1903இல் அவர்களது தோல்வியில் முடிந்தது. கல்லைப் பிளக்கையில் எழுந்த தூசி பலரது நுரையீரலை அரித்தது. முதலாளிகள் தொழிலை மூடிச் சென்றுவிட்டமையால் வழக்குத் தொடர வழியற்றிருந்த நோயாளருக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1979இலேயே நிறைவேறியது.

சிலேற்றுத் தொழில் நலிவுறவே பாதைகளும் நலிந்தன. பெஸ்டினியொக் பாதை 1946இல் மூடப்பட்டது. 1950இல், தலிலின் பாதையின் உரிமையாளர் இறந்தபின், எல்.ரி.சி. றோல்ற் முதலியோர் பேமிங்ஹாம் நகரிற் சங்கம் அமைத்து, மறுவாண்டே தொண்டர்களைக் கொண்டு அதனை இயக்கினர். தொண்டர்கள் பாதுகாத்து இயக்கிய உலகின் முதற் புகையிரதப் பாதை இதுவேயாம். பெஸ்டினியொக் பாதை 1955 முதற் பகுதிபகுதியாகத் திறக்கப்பட்டு, 1982இல் முழுமை பெற்றது. நீர்மின் திட்டத்தில் மூழ்கிய பகுதிக்கு மாற்றுவழியைத் தொண்டர்களே பெரும்பாலும் அமைத்தனர்.

ஊதியம் கருதாத இவ்வுழைப்புப் போற்றற்குரியது. எனினும் பாதை முழுமை பெறுவதற்கு மூன்றாண்டுகளே முன்னர்தான், அதனை வாழ்வித்த தொழிலின் நோயாளருக்கு நட்டஈடு கிட்டிற்று என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். எந்திரத்தை மீட்பதிற் காட்டப்பட்ட ஆர்வம் மனிதரை நினைவுகூர்வதிற் காட்டப்பட்டதா என்ற வினா இங்கு எழுகின்றது.

2021இல் யுனெஸ்கோ இப்பிரதேசத்தை உலக மரபுரிமையாக ஏற்றபோது, இருப்புப்பாதைகளோடு அகழ்விடங்களையும் தொழிலாளர் குடியிருப்புக்களையும் ஒருங்கே சேர்த்தது. இது சரியான திசையில் வைக்கப்பட்ட அடியாகும். மரபுரிமை என்பது பழம்பொருளின் அழகு மட்டுமன்று. அப்பொருளை ஆக்கிய சமூக உறவுகளின் பதிவுமாகும். உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் எந்திரத்தின் வரலாற்றோடு பென்ரின் தொழிலாளரின் வரலாறும் எடுத்துரைக்கப்படும்போதே அம்மரபுரிமை நிறைவுறும்.