கோவலனுக்கும் ஒரு கட்சி இருந்தது

சிலப்பதிகாரம் படிச்ச யாரிட்டயாவது "நீங்க யார் பக்கம்?" எண்டு கேட்டுப் பாருங்க. கோவலன் பக்கம் எண்டு சொல்ல ஒருத்தரும் வரமாட்டினம். மாதவியிட்ட போன மனுசன், இருந்த சொத்தையெல்லாம் தொலைத்தவன், கடைசியில் மனைவியின் சிலம்பை விற்கப்போய் உயிரை விட்டவன். அவனுக்கு யார் ரசிகராக இருப்பார்கள்?

ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கோவலனுக்குக் கட்சி இருந்தது. அதுவும் பரம்பரைக் கட்சி.

கொம்பு முறித்தல் பற்றித்தான் சொல்கிறோம். கொம்பு விளையாட்டு என்றும் சொல்வார்கள். கண்ணகி அம்மன் கோயில்களை ஒட்டி நடந்த சடங்கு இது. மழை பொய்த்தால், ஊரில் அம்மாள் வருத்தம் பரவினால், அம்மனின் கோபத்தைக் குளிர்விக்க ஊர்ச்சனம் கொம்பு முறிக்கும். அப்போது ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. 'வாரம்' என்றும் இந்தக் கட்சிகளைச் சொல்வார்கள். நீங்கள் எந்த வாரம் என்பதை நீங்கள் தேர்வு செய்வதில்லை, பிறக்கும்போதே அது முடிவாகிவிடும். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலைத் தேடி எடுத்தால் இந்த உலகத்துக்குள் நுழையலாம்.

விளையாட்டு என்று பார்த்தால் எளிமையானதுதான். வளைந்த, வைரமான இரண்டு மரக்கொம்புகள். ஒன்றுக்குள் ஒன்றைக் கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கத்தாரும் இழுப்பார்கள். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். போர்த்தேங்காய் அடிக்கிறதும் இதோடு சேர்ந்த போட்டிதான். மறுகா வருகிறது வசைப்பாட்டு. வென்றவர்கள் தோற்றவர்களைப் பாடித் தீர்ப்பார்கள். இன்றைக்கு முகநூலில் விஜய், அஜித் ரசிகர்கள் ஒருவரை ஒருவர் 'செய்யிற' வேலையை இவர்கள் நேருக்கு நேர் நின்று, பாட்டாகவே செய்தார்கள்.

சிங்கள மக்களிடமும் இதே விளையாட்டு உண்டு. பெயர் 'அங்கெலிய'. 'அங்' என்றால் கொம்பு, 'கெலிய' என்றால் விளையாட்டு. அங்கேயும் இரண்டு கட்சிதான். உடுபில என்ற மேல் கட்சி பாலங்கவுடையது. யடிபில என்ற கீழ் கட்சி பத்தினியுடையது. பாலங்க வேறு யாருமில்லை, எங்கட கோவலன்தான். பத்தினி எங்கட கண்ணகி. இருவரும் சண்பகப்பூ பறிக்கப் போனபோது அவர்களின் கொக்கைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன, இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து இழுத்தார்கள், பத்தினியின் பக்கம் வென்றது என்று கதை போகிறது. அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலுக்குத் தெற்கே உள்ள பாணமையில், சிங்களவரும் தமிழரும் கலந்து வாழும் ஊரில், அங்கெலிய இன்றும் நடக்கிறது.

இந்தக் கதையில் எங்களுக்கு ஒரு விசயம் பிடித்திருக்கிறது. பத்தினி பக்கம் வென்றால்தான் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கை உண்டு. அப்படியென்றால் மற்றப் பக்கத்தில் பிறந்தவர்களின் நிலை என்ன? தாங்கள் தோற்பதையே ஊர் விரும்புகிறது என்று தெரிந்தும் அவர்கள் கயிற்றைப் பிடிக்க வேண்டும், முழுப் பலத்தோடும் இழுக்க வேண்டும். இழுக்க எதிர்ப்பக்கம் இல்லாவிட்டால் கொம்பு முறியாது. கொம்பு முறியாவிட்டால் சடங்கே இல்லை. கோவலன் கட்சிக்காரர் கண்ணகிக்கு எதிரிகள் இல்லை. அவர்களும் அதே அம்மனைக் கும்பிடும் அடியார்கள்தான்.

வெளியாள் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்தது? 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி றொபர்ட் நொக்ஸ், 1681இல் வந்த தனது நூலில் இந்த விளையாட்டை விவரிக்கிறார். கொம்பு முறிந்ததும் ஒரு பக்கம் கொண்டாடும், மறு பக்கம் வெட்கப்படும், அந்தக் கொண்டாட்டம் முழுக்க எழுத முடியாத ஆபாசப் பேச்சு என்கிறார். அதை நிறுத்த அரசன் அபராதம் விதித்ததாகவும் எழுதுகிறார். அவர் முகம் சுளித்த அதே இடத்தைத்தான் கணநாத் ஒபேசேகர நிதானமாக ஆராய்ந்தார். பத்தினி வழிபாடு பற்றி 1984இல் வெளிவந்த அவரது பெரிய நூலில், இந்த வசைக்கும் தோல்விக்கும் பின்னால் இருக்கும் உளவியல் விரிவாகப் பேசப்படுகிறது.

எங்கட வாசிப்பு இது. ஊர் என்றால் சண்டை இருக்கும். காணிச் சண்டை, கலியாணச் சண்டை, கோயில் முதல்மரியாதைச் சண்டை. அதையெல்லாம் பேசித் தீர்க்க ஏலாது. ஆனால் பகைக்கு ஒரு இடமும் ஒரு நாளும் ஒதுக்கி வைக்கலாம். திட்டுவதற்கும் ஒரு எல்லை வைக்கலாம். கொம்பு முறிந்த பிறகு இரண்டு கட்சியும் ஒரே அம்மனுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

இன்றைய ரசிகச் சண்டைகளில் இல்லாதது இதுதான். புளோரிடாவின் ஒர்லாண்டோவில் 1971இல் டிஸ்னி வேர்ல்ட் திறந்தது. 1990இல் அதே ஊரில் யுனிவேர்சல் வந்தது. 2010இல் யுனிவேர்சல் ஹரி பொட்டர் உலகத்தைத் திறந்தது. எந்தப் பூங்கா பெரிசு எண்டு இரண்டு பக்க ரசிகர்களும் இன்றைக்கும் அடிபடுகிறார்கள். அந்தச் சண்டை முடிவதால் யாருக்கும் லாபமில்லை, அது நீள்கிறவரை இரண்டு கம்பனிக்கும் டிக்கெட் விற்கும். வடசேரியும் தென்சேரியும் யாருக்கும் டிக்கெட் விற்கவில்லை.

பழசு என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் வைத்து ஆடவும் வேண்டாம். பெண்களின் கண்ணில் படாத இடத்தில்தான் இது நடந்தது என்று நொக்ஸ் எழுதுகிறார். ஒரு பெண்ணின் கோபத்துக்காக நடக்கிற சடங்கில் பெண்கள் எங்கே நின்றார்கள்? கயிறு யார் கைக்குப் போனது, யார் கைக்குப் போகவில்லை? சாதியையும் சேர்த்துத்தான் இதைக் கேட்க வேண்டும்.

இப்போது கொம்பு முறித்தலைப் பண்பாட்டு விழாக்களில் செய்து காட்டுகிறார்கள். நல்ல விசயம். ஆனால் மேடையில் இழுக்கிறவர்களுக்குத் தங்கள் வாரம் எது என்று தெரியுமா? இந்த மாகாணத்தில் யுத்தம் எங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்தது. திரும்பி ஒன்றாக நிற்கிற நாளை அது குறித்துத் தரவில்லை. கொம்பு முறித்தவர்கள் அந்த நாளையும் சேர்த்தே குறித்து வைத்திருந்தார்கள்.

செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில், கன்னன்குடா, எங்கேயாவது உங்கட அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், இந்த வைகாசிச் சடங்குக்குப் போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "நாம எந்த வாரம்?" பதிலைக் குறித்து வையுங்கள். வடசேரி என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம்.