மாத்தளையின் கொக்கிப்புழுவும் மருந்தை எடைபோடும் கலையும்

இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916 இல் மாத்தளையில்தான் தொடங்கியது. செலவில் பங்கேற்றது அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம். அதன் சுகாதாரப் பிரிவில் கீழைநாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த விக்டர் ஹைசர் முந்திய ஆண்டே கொழும்புக்கு வந்து, ஆட்சியாளரோடும் தோட்டத் துரைமாரோடும் பேசி வழி செய்திருந்தார். தேயிலையும் ரப்பரும் கொக்கோவும் விளைந்த மாத்தளைத் தோட்டங்களின் லயங்களில் குடியிருந்தவர்கள் திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு முந்திய தலைமுறைகள் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதை வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவை. வழியில் வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் பலியானவர்களை எவரும் ஒழுங்காக எண்ணவில்லை. 1916 இல் முதல் தடவையாக நுண்ணோக்கியோடு ஆட்கள் லயத்துக்கு வந்தார்கள். மலத்தைச் சோதித்தபோது தோட்டத் தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் புழு முட்டை இருந்தது. வெளிறிய கண், வீங்கிய கால், மலை ஏறமுடியாத மூச்சு என்று சோம்பலாக ஏசப்பட்ட பலவும் இரத்தச் சோகையின் அடையாளங்கள்.

இந்த இயக்கத்தைச் சிலர் கொடையின் கதையாகவும், சிலர் கூலியாளிடமிருந்து கூடுதல் வேலை வாங்க எடுத்த முயற்சியின் கதையாகவும் சொல்கிறார்கள். சோம ஹேவா 1995 இல் வெளியிட்ட ஆய்வு நூல், காலனி மருத்துவத்துக்கும் ரொக்பெல்லர் கொடைக்கும் இருந்த உறவை விரிவாகக் காட்டுகிறது. அந்த விவாதத்தில் நான் இறங்கப்போவதில்லை. மாத்தளையில் கொடுத்த மருந்து மக்களுக்கு எவ்வளவு உதவியது என்பதே என் கேள்வி. இதைச் சொல்ல நூறு ஆண்டுகள் பிடித்தன. பல நாடுகளின் சோதனைகளை ஒருங்கே வைத்துப் படிக்கும் முறையான மீளாய்வு என்ற கருவி கிடைத்த பிறகுதான் விடை ஓரளவு தெளிந்தது. அந்த விடை தோட்ட மக்களுக்கு எதிரானது என்று எண்ணுவோர் உண்டு. அது அவர்கள் பக்கம் நிற்கும் விடை என்பது என் முடிவு.

அன்று கொடுத்த மருந்து தைமோல். முதல் நாள் இரவு பேதி உப்பு, மறுநாள் வெறும் வயிற்றில் தைமோல், பின்னர் மீண்டும் பேதி உப்பு. எண்ணெயும் மதுவும் பட்டால் தைமோல் இரத்தத்தில் ஏறி விஷமாகும் என்பதால் பத்தியம் கடுமையாக இருந்தது. குமட்டலும் தலைச்சுற்றும் வரும்; அன்றைய கூலி போகும். ஒரு முறை போதாது, திரும்பவும் குடிக்க வேண்டும். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டவரின் குடலில் இருந்த புழு பெருமளவு வெளியேறியது உண்மை. ஆனால் புழு வந்த வழி அடைபடவில்லை. மலத்தோடு விழும் முட்டை நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரிக்க, வெளிவரும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும் தொண்டைக்கும் போய், விழுங்கப்பட்டு மீண்டும் குடலை அடைகிறது. கொக்கோவின் நிழலும் ரப்பர் காட்டின் ஈரமும் அதற்கு வாய்ப்பான இடங்கள். மலசலகூடம் இல்லாத தோட்டத்தில் குணமானவர் மீண்டும் அதே மண்ணில்தான் கால் வைத்தார். மலசலகூடம் கட்டுவது தோட்டத்தின் செலவு என்பதால் பல துரைமார் தயங்கினார்கள். மருந்துக்கு முன்னே மலசலகூடம் வேண்டும் என்று இயக்கத்தார் பின்னாளில் வற்புறுத்தியது இந்த அனுபவத்தால்தான்.

இயக்கம் முதன்மையாக எண்ணியவை சோதிக்கப்பட்டோர், மருந்து குடித்தோர், முட்டை மறைந்தோர் என்ற மூன்று. மருந்து குடித்த தோட்டமும் குடிக்காத தோட்டமும் இரண்டு ஆண்டுக்குப் பின் எப்படி இருந்தன என்பது வேறு கேள்வி. அந்தக் காலத்தின் மருந்து ஆராய்ச்சி முழுவதிலும் இந்த இடைவெளி இருந்தது. மலாயா, ஜாவா, பீஜித் தீவுகளில் சாமுவேல் டார்லிங் குழுவினர் வெளியேறிய புழுக்களை எண்ணி மருந்துகளை ஒப்பிட்டார்கள். சென்னை மாகாணத்தில் காயஸும் மாஸ்கரும் அதே வழியில் பல மருந்துகளைச் சோதித்தார்கள். உழைப்பு பெரிது, நேர்மையும் பெரிது. எனினும் அவர்கள் ஒப்பிட்டது புழுவை வெளியேற்றும் திறனை. மனிதரின் நலத்தை அல்ல. 1921 இல் கார்பன் டெட்ராகுளோரைடு புழு மருந்தாக வந்தபோது இந்தக் குறை ஆபத்தாக மாறியது. பீஜியில் லாம்பர்ட் 20,000 பேருக்குக் கொடுத்த அனுபவத்தை 1922 இல் வெளியிட்டார். அந்த எண்ணே பலரின் ஐயத்தை அடக்கப் போதுமானதாக இருந்தது. இலங்கையில் டொக்கர்ட்டியும் நிக்கல்ஸும் மருந்து பெற்ற மூவரின் சடலப் பரிசோதனையை 1923 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார்கள். ஈரலுக்கு அது நஞ்சு என்பதும், மது அருந்துவோருக்குப் பேராபத்து என்பதும் பிறகு உறுதியாகி, அந்த மருந்து கைவிடப்பட்டது. ஒப்பீடு இல்லாத இருபதாயிரத்தைவிட, ஒழுங்காக ஒப்பிட்ட இருநூறு சில வேளை கூடுதலாகச் சொல்லும்.

பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் எண்ணம் அப்போதே பிறந்திருந்தது என்பது இந்த வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி. 1904 இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், தென்னாபிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த பிரித்தானியப் படையினருக்குப் போட்ட டைபாய்டுத் தடுப்பூசியின் கணக்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். ஓரிடத்தின் முடிவுக்கும் இன்னோரிடத்தின் முடிவுக்கும் பொருத்தமில்லை. ஊசி போட முன்வந்தவர்கள் இயல்பாகவே கவனமுள்ளவர்களாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. ஆகவே ஒழுங்கான சோதனை ஒன்றை நடத்துங்கள் என்றார். மாத்தளையில் நுண்ணோக்கி இறங்குவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னர் அச்சான எச்சரிக்கை அது. அது மருத்துவத்தின் வழக்கமாக மாற நெடுங்காலம் எடுத்தது. சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளரைப் பிரிக்கும் சோதனை 1948 இல் காசநோய் மருந்தோடு நிலைபெற்றது. 1976 இல் ஜீன் கிளாஸ் முடிவுகளைச் சேர்க்கும் கணக்குக்கு மெட்டா அனாலிசிஸ் என்று பெயரிட்டார். 1976 இல் ஜீன் கிளாஸ் முடிவுகளைச் சேர்க்கும் கணக்குக்கு மெட்டா அனாலிசிஸ் என்று பெயரிட்டார். 1993 இல் கொக்ரேனின் பெயரிலேயே ஒரு சர்வதேச அமைப்பு உருவானது. அதன் வேலை முறை எளிமையாகச் சொன்னால் இதுதான்: கேள்வியை முன்கூட்டியே எழுதி வை, எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்ற விதியையும் முன்னரே சொல், சாதகமானது பாதகமானது என்று பாராமல் எல்லாவற்றையும் தேடு, ஒவ்வொன்றின் குறையையும் எழுது, அதன் பிறகு மட்டும் கூட்டு.

புழு மருந்து இந்தத் தராசில் ஏறியபோது பலர் அதிர்ந்தார்கள். 2000 இல் பால் கார்னரும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்ட மீளாய்வு, சிறுவரின் வளர்ச்சியிலும் கல்வித் திறனிலும் இம்மருந்தின் பயன் உறுதியாகவில்லை என்றது. கொக்ரேன் மீளாய்வின் 2019 பதிப்பு ஏறக்குறைய 50 சோதனைகளைச் சேர்த்தது. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் காலமுறையாகக் குளிசை கொடுப்பதால் சராசரி எடையிலும் இரத்தத்திலும் பள்ளித் தேர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்பது அதன் முடிவு. உத்தரப் பிரதேசத்தில் பத்து இலட்சம் பிள்ளைகளை உள்ளடக்கி நடந்து 2013 இல் வெளியான சோதனையிலும் எடையில் வேறுபாடு இல்லை. இறப்பிலும் தெளிவான குறைவு இல்லை. ஆனால் 2015 பதிப்பு இன்னொன்றையும் சொல்லியிருந்தது. புழு இருப்பதாகச் சோதித்து அறிந்த பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தபோது எடை சுமார் முக்கால் கிலோ கூடியது. அந்தச் சோதனைகள் சிறியவை, உறுதி குறைந்தவை. எனினும் கேள்வி மாறினால் விடை மாறும் என்பது அங்கே தெரிகிறது. நோயுள்ளவருக்கு மருந்து என்பது ஒன்று. எல்லோருக்கும் மருந்து என்பது வேறொன்று.

இதற்கு எதிராக எழும் முதல் வாதம் வலுவானது: சராசரி தோட்டத்தை மறைக்கும். உலகின் ஐம்பது சோதனைகளில் பல, புழு குறைவாக உள்ள இடங்களில் நடந்தவை. அவற்றோடு அடர்ந்த தொற்றுள்ள இடங்களைச் சேர்த்துக் கலக்கினால் உண்மையான பயன் கரைந்துபோகும். 2016 இல் குரோக், கிரெமர், மிகுவேல் முதலான பொருளியலாளர் வேறு விதிகளோடு அதே தரவுகளைச் சேர்த்து, எடை கூடுகிறது என்றே கண்டார்கள். இலங்கைக் கணக்கே இந்த வாதத்துக்கு ஆதாரம். 2019 இல் வெளியான தேசியப் பள்ளி ஆய்வில் குடற்புழுத் தொற்று நாடு முழுவதும் 1 சதவீதத்துக்குக் கீழே. பெருந்தோட்டப் பள்ளிகளில் மட்டும் சுமார் 9 சதவீதம். நாட்டின் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு மலையகம் கண்ணில் படாது. மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே தெற்கின் ஈரமான மலைச்சரிவும் வடக்கின் தம்புள்ளைப் பக்க வறண்ட நிலமும் புழுவுக்கு ஒன்றல்ல. இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல மீளாய்வு தொற்றின் அளவு, உணவு, வயது என்று பிரித்துப் பார்ப்பதையே கேட்கிறது. பிரித்துப் பார்க்கத் தரவு இல்லை என்றால் அது மீளாய்வின் குற்றமாகாது. தோட்டத்தைத் தனியாக எண்ணாதவர்களின் குற்றம் அது.

இரண்டாவது வாதம் வரலாற்றிலிருந்து வருகிறது. 1910 முதல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ரொக்பெல்லர் பணத்தில் நடந்த கொக்கிப்புழு இயக்கத்தை ஹோய்ட் பிளீக்லி 2007 இல் ஆராய்ந்து, தொற்று மிகுந்த மாவட்டங்களில் பள்ளிச் சேர்க்கையும் பிற்கால வருமானமும் கூடின என்று காட்டினார். சோதனைகளில் தெரியாத நீண்டகாலப் பயன் இது என்கிறார்கள். இருக்கலாம். ஆயினும் அங்கே மருந்தோடு சுகாதாரப் பிரசாரமும் மலசலகூடமும் சேர்ந்தே போயின. அதே ஆண்டுகளில் பள்ளிகளும் சாலைகளும் பெருகின. அந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தவர்கள் முடிவின் உறுதி குறித்து ஐயம் எழுப்பியுள்ளனர். மாத்தளையில் மண் மாறாமல் மருந்து மட்டும் போனபோது என்ன நடந்தது என்பதையும் நாம் அறிவோம். ஆகவே பிளீக்லியின் கணக்கைக் குளிசைக்கு மட்டும் சான்றாக எடுக்க முடியாது.

அப்படியானால் மலசலகூடமே விடை என்று சொல்லிவிடலாமா? என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. அதனால்தான் அந்த நம்பிக்கையையும் அதே தராசில் ஏற்ற வேண்டும். 2012 இல் வந்த மீளாய்வு ஒன்று, மலசலகூடம் உள்ளவருக்குக் குடற்புழுத் தொற்றின் வாய்ப்பு ஏறக்குறைய பாதி என்றது. 2014 இல் வந்த இன்னொன்று, செருப்பு அணிவோருக்குக் கொக்கிப்புழு கணிசமாகக் குறைவு என்றது. இவற்றில் சேர்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் இருப்பதைக் கண்டு எழுதியவை. வீட்டில் மலசலகூடம் உள்ளவர் பணத்திலும் உணவிலும் கல்வியிலும் முன்னே நிற்பவராக இருக்கலாம். அதே 2014 இல் ஒடிசாவின் நூறு கிராமங்களில் நடந்த சோதனை வெளிவந்தது. கட்டிக் கொடுத்த ஊர்களில் மலசலகூடமுள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தும் வயிற்றோட்டமும் குடற்புழுவும் குறையவில்லை. எல்லோரும் அவற்றைப் பயன்படுத்தவில்லை. பாதி ஊர் வெளியே போனால் மண் மாறுவதில்லை. மலசலகூடம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. தண்ணீரும் பராமரிப்பும் எல்லாருக்கும் போதிய எண்ணிக்கையும் இல்லாமல் சுவர் எழுப்புவது போதாது என்பதே பொருள். ஒரு நூற்றாண்டு முன் தோட்டங்களில் லய வரிசை ஒன்றுக்குச் சில கூடங்கள் என்று கணக்குக் காட்டியவர்களுக்கும் இது பொருந்தும்.

கர்ப்பிணிகளின் நிலை தனியே சொல்லத்தக்கது, ஏனெனில் அங்கே இலங்கையே சான்று தந்திருக்கிறது. 1994 இல் அத்துகோரளையும் அவரோடு சேர்ந்தவர்களும் பெருந்தோட்டக் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், இரும்புச் சத்தோடு புழு மருந்தும் பெற்றவர்களின் இரத்தம் கூடுதலாகத் தேறியது. 1999 இல் நிலந்தி டி சில்வா குழுவினர் ஏழாயிரம் தாய்மாரின் பிரசவத்தை ஆராய்ந்தார்கள். மெபெண்டசோல் என்ற புழு மருந்தை எடுத்தவர்களிடம் குழந்தை இறந்து பிறப்பதும் பிறந்தவுடன் இறப்பதும் 1.9 சதவீதம், எடுக்காதவர்களிடம் 3.3. பிறவிக் குறைபாடு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. ஆனால் மருந்தை எடுத்தவரும் எடுக்காதவரும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். 1904 இல் பியர்சனின் படையினர் விடயத்தில் எழுந்த ஐயம் இங்கும் உண்டு. உலகச் சோதனைகளைத் தொகுத்த கொக்ரேன் மீளாய்வு 2015 இல் தெளிவான பயனைக் காணவில்லை. 2021 இல் தாயின் சோகை சற்றுக் குறையலாம் என்றது. சான்று சேரச் சேரத் தீர்ப்பு திருத்தப்படுகிறது, திருத்தியதை வெளிப்படையாகவும் சொல்கிறார்கள். இந்த முறையின்மேல் எனக்குள்ள நம்பிக்கைக்கு முதற்காரணம் இதுதான்.

லயத்தில் இருக்கும் கர்ப்பிணி ஒருவர் இதைப் படித்தால், மருத்துவமாது முதல் மூன்று மாதம் கழித்துக் கொடுக்கும் புழு மருந்தை நிறுத்த வேண்டாம். இரும்புக் குளிசையையும் விட வேண்டாம். சுகாதாரத் திணைக்களத்தாரிடமும் தோட்டக் கம்பனிகளிடமும் கேட்பது ஒன்றுதான். அடுத்த கணக்கெடுப்பில் மாத்தளையின் தோட்டங்களை மாவட்டச் சராசரிக்குள் கரைக்காமல் தோட்டம் தோட்டமாக எண்ணுங்கள். எத்தனை குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம், அதில் தண்ணீர் வருகிறதா என்பதையும் அதே பட்டியலில் சேர்த்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.