பெரம்பூரில் பழகிய கைகள்

சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்தினுடையது, அடிச்சட்டமும் உடலும் ஒரே கூடாகப் பற்றவைத்த எஃகுப் பெட்டி அன்று நம் தொழிலாளிக்குப் புதிது. பிறகு மின்ரயில் பெட்டிகள் வந்தன, ஜெர்மானிய வடிவமைப்பிலான, துருப்பிடிக்காத எஃகாலான எல்ஹெச்பி பெட்டி வந்தது. பழைய வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியேறியது. மேலாளர் ஆணையிட்டால் மட்டும் இப்படியொரு மாற்றம் நடந்துவிடாது. துருப்பிடிக்காத எஃகு வெப்பத்தை எளிதில் கடத்தாது, சூட்டில் அதிகம் விரியும். சாதா எஃகில் பழகிய வெல்டரின் கை ஒரு நொடி கூடுதலாக நின்றாலே தகடு நெளிந்துவிடும். அந்தக் கையை மறுபடி பழக்க அவகாசம் தருவதுதான் தலைமையின் முதல் வேலை.

அரசு ஆலை, வேலை போகாது, அதனால் மாறுவது சுலபம் என்று சிலர் வாதிடலாம். வேலை போகாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவே என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர் தெரியாததை மறைப்பார். பயமில்லாதவர் கேட்டுக் கற்பார். பாதுகாப்பு சோம்பலையும் வளர்க்கும், உண்மைதான். அதை முறிக்கச் சவாலான வேலை வேண்டும். சுமார் 18 மாதங்களில் ‘ட்ரெயின் 18’ என்ற புது ரயிலை உருவாக்கும் பொறுப்பு அப்படி வந்தது. அந்த ரயில்தான் 2019 பிப்ரவரி 15 அன்று முதல் வந்தே பாரத்தாக டெல்லியிலிருந்து வாரணாசிக்குப் புறப்பட்டது.